கடலும் பூதமும் காராப்பூர்ச் சிறுவனும்

மைசூர் சமஸ்தானத்துக் காராப்பூரில் 1924-ஆம் ஆண்டு யானைப் பாகனின் புதல்வனாகப் பிறந்து, இளம் பிராயத்திலேயே பெற்றோரை இழந்து, பின்னர் லண்டன் சென்ற சாபு என்னும் சிறுவன், அலெக்ஸாண்டர் கோர்டா தயாரித்து 1940-இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ படத்தில் அபுவாகத் தோன்றி உலகையே வசீகரித்தான்.

மந்திரவாதி ஜாபர் ஏவிய புயலில் படகு சிதறுண்டு, ஜனசஞ்சாரமற்ற கடற்கரையில் ஒதுங்கும் அபு, ஒரு குப்பியைத் திறந்ததும் வானளாவ எழுந்து தன்னைக் கொல்ல வரும் பூதத்தை, “இவ்வளவு பெரிய நீ இதற்குள்ளா இருந்தாய்?” என்னும் பாவனையில் சந்தேகித்தே மீண்டும் குப்பிக்குள் அடைக்கும் காட்சியில், நம் கிராமத்துப் பிள்ளைகளின் சமயோசிதமே ஒளிர்வதாக நான் கருதுகிறேன். நீலத் திரையின் முன் நடிகரைப் படமாக்கி வேறொரு காட்சியோடு இணைக்கும் உத்தி இப்படத்தில்தான் முதன்முதலில் பெரிய அளவில் கையாளப்பட்டது. இங்கிலாந்தில் தொடங்கிய படப்பிடிப்பு, யுத்தத்தின் காரணமாக அமெரிக்காவில் பூர்த்தியாயிற்று. ஒளிப்பதிவு, கலை, தந்திரக் காட்சி ஆகியவற்றுக்காக மூன்று ஆஸ்கார் விருதுகளும் கிட்டின.

1963-இல், நாற்பது வயது நிரம்புமுன்பே சாபு காலமானார். தில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் இப்படத்தை ஒரு மாலை நம் குழந்தைகளுக்குத் திரையிட்டுக் காட்ட வேண்டும்.