புல்லும் பேரேடும்

2005-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வின் நகரத்தில், அந்நாட்டுப் பூர்வகுடிக் கலைஞர்களுக்கென்று ஆண்டுதோறும் நடத்தப்படும் தேசியப் போட்டியில், ஓவியங்களையும் சிற்பங்களையும் பின்னால் தள்ளிவிட்டு முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போனது ஒரு டொயோட்டா வண்டி. அசல் வண்டியின் அளவுக்குக் கொஞ்சமும் குறையாமல், பாலைவனத்துப் புல்லைக் கற்றை கற்றையாகச் சுற்றி, நூலால் இறுக்கித் தைத்து உருவாக்கிய வண்டி அது. மேற்கு ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பாபுலன்குஜா என்னும் சிற்றூரைச் சேர்ந்த பெண்கள், கன்ஜுபாயி பென்சன் என்ற மூத்த கலைஞரை முன்னிட்டுக்கொண்டு அதைச் செய்திருந்தார்கள். அந்தக் கைத்திறனைப் புகழாதவர் இல்லை. ஆனால் அவ்வளவு நூல் அந்த ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, தைத்தவர்களுக்குப் பணம் யார் கையால் எப்போது கிடைத்தது, அத்தனை பெரிய பொருளைக் கண்டத்தின் நடுவிலிருந்து கடற்கரை நகரம் வரையில் கொண்டு வந்த செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்றெல்லாம் விசாரித்தவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். அந்த விசாரணைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அப்பெண்களை ஒன்று சேர்த்து வைத்திருக்கும் ஸ்தாபனத்துக்கு ஜான்பி டெசர்ட் வீவர்ஸ் என்று பெயர். ஜான்பி என்றால் புல். அந்த ஸ்தாபனம் தனித்து நிற்பதன்று. ஙான்யஜாரா, பிஜன்ஜாஜாரா, யன்குன்யஜாரா என்னும் மூன்று கூட்டத்தாரின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து என்.பி.ஒய். பெண்கள் மன்றம் என்று வழங்கும் சங்கத்தின் ஓர் அங்கம். மேற்கு ஆஸ்திரேலியா, தென் ஆஸ்திரேலியா, வட பிரதேசம் ஆகிய மூன்று மாகாணங்களின் எல்லைகள் கூடுகிற இடத்தில், சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் நிலம் அவர்களுடையது. தமிழ்நாட்டைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட அந்த நிலத்தில் இருப்பவை 26 சிற்றூர்கள். அனங்கு என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் அம்மக்கள் ஏறக்குறைய 6,000 பேர். அலுவலகமோ வெகு தொலைவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில். இந்தத் தூரத்தை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் பின்னால் சொல்லப்போவது விளங்கும்.

மன்றம் 1980-இல் ஒரு மனக்குறையிலிருந்து பிறந்தது. தென் ஆஸ்திரேலியாவில் பிஜன்ஜாஜாரா மக்களின் நில உரிமை பற்றிய பேச்சுவார்த்தைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம் அது. அந்நிலத்தில் தங்களுக்கென்றே தனியான கதைகளும் சடங்குகளும் கடமைகளும் உடைய பெண்களின் சொல், ஆண்கள் கூடிப் பேசிய அந்தச் சபைகளில் ஏறவில்லை. ஆகையால் பெண்கள் தாங்களே கூடி, தங்களுக்கென்று ஒரு சபையை உண்டாக்கிக்கொண்டார்கள். மறு வருஷம், 1981-இல், நில உரிமைச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்த பிறகும் சபை கலையவில்லை. குடும்ப வன்முறை, முதியோர் பராமரிப்பு, சிறுவர்கள் பெட்ரோல் முகர்ந்து பாழாவது என்று ஒவ்வொன்றாக அதன் தோளில் ஏறின. 1995-இல் மன்றம் பாபுலன்குஜாவில் கூடை பின்னும் பயிற்சி ஒன்றை நடத்தியது. ஊரை விட்டுப் போகாமல், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனித்துக்கொண்டே சொந்தமாக நாலு காசு பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெண்கள் வெகுநாளாகச் சொல்லிவந்த ஆசை. மரத்தொட்டியில் தண்ணீரும் கிழங்கும் சுமப்பதற்குத் தலைமயிரையும் நாரையும் திரித்துச் சும்மாடு செய்த கைகளுக்குக் கூடை பின்னுவது பெரிய வித்தையாக இருக்கவில்லை. விரைவில் அது ஊர் ஊராகப் பரவியது. ஈமு இறகும் இனின்டி மரத்தின் சிவப்பு விதையும் அதில் அலங்காரமாகச் சேர்ந்தன. கூடை நாயாயிற்று, பறவையாயிற்று, மனிதராயிற்று. இன்று 400-க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஓர் இடத்தில் நிர்வாகத் தலைமை என்பது என்ன? தலைமை என்றவுடன் மேடையும் மாலையும் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே காரியம் வேறு. மன்றத்தின் இயக்குநர்கள் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அனங்குப் பெண்கள். அவர்களிற் பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழியோ மூன்றாவது மொழியோதான். கூட்டம் அவர்கள் மொழியில் நடக்கும், மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பார். அவர்கள் வகுத்த வழியை நடத்திக் கொடுப்பதற்குச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்தாம் நிர்வாகி. பூர்வகுடிச் சங்கங்களுக்கென்றே 2006-இல் இயற்றப்பட்ட ஆஸ்திரேலியச் சட்டமும், இயக்குநர்களில் பெரும்பான்மையோர் பூர்வகுடியினராக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. அதே சட்டம், ஜூன் 30-இல் முடியும் நிதியாண்டுக்கு டிசம்பர் கடைசிக்குள் அறிக்கை வந்தாக வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்தத் தேதி, ஊரில் ஒரு சாவு விழுந்து எல்லோரும் துக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்பதற்காகத் தானாகத் தள்ளிப்போவதில்லை. துக்கமும் தணிக்கைக்காக ஒத்திவைக்கப்படுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மனுஷிக்குத்தான் நிர்வாகி என்று பெயர்.

அவளுடைய வேலையில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது கொள்முதல். ஜான்பியின் கள ஊழியர்கள் வண்டியில் ஊர் ஊராகச் சென்று, நூலும் ரஃபியா நாரும் ஊசியும் கொடுத்து, முடிந்த கூடைகளை அங்கேயே விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை சிக்கல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூடை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கடையிலோ சிட்னி காட்சிக்கூடத்திலோ எப்போது விற்குமோ தெரியாது. பின்னியவளுக்குப் பணம் மட்டும் இன்றைக்கே கொடுத்தாக வேண்டும். இடையிலுள்ள மாதங்களுக்கு முதல் எங்கிருந்து வரும்? வண்டி நின்ற நிழலில், ஒருத்தியின் கூடைக்கு என்ன விலை போட்டார்கள் என்பதைச் சுற்றியிருக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்காள் கூடைக்கு ஒரு நியாயமும் தங்கை கூடைக்கு ஒரு நியாயமும் செல்லாது. முதல் முறையாகப் பின்னிய சிறுமி, வாய் கோணி அடி சாய்ந்த ஒரு கூடையை நீட்டினால் என்ன செய்வது? வாங்காவிட்டால் அவள் மறுபடியும் ஊசியைத் தொட மாட்டாள். வந்ததையெல்லாம் வாங்கினால் கிடங்கு நிறைந்து கையிருப்பு கரைந்துவிடும். இதற்கு எந்தப் பட்டப்படிப்பிலும் விடை இல்லை. கோணல் கூடையைக் குறைந்த விலைக்கு வாங்கி, அடுத்த பயணத்தில் தேர்ந்த கை ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைக்கிறவளே நல்ல நிர்வாகி என்பது என் அபிப்பிராயம்.

வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் எண், செய்தவள் பெயர், ஊர், புல்லும் அலங்காரமும் இன்னதென்ற குறிப்பு, கொடுத்த தொகை எல்லாம் எழுதப்பட வேண்டும். ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிக் கலை மையங்கள் பலவற்றில் இதற்கென்றே ஸ்டோரீஸ் ஆர்ட் மனி என்ற கணினிப் பேரேடு பழக்கத்தில் இருக்கிறது. கதை, கலை, காசு மூன்றையும் ஒரே வரிசையில் கோத்த பெயர். ஆனால் பெயர் எழுதுவதிலேயே ஒரு நுட்பம் உண்டு. அனங்கு வழக்கத்தில், இறந்தவரின் பெயரைத் துக்க காலம் முடியும்வரை உச்சரிக்கலாகாது, படத்தையும் காட்டலாகாது. உயிரோடிருக்கிற வேறொருத்திக்கு அதே பெயர் இருந்தால் அவளையும் குன்மனாரா என்ற மாற்றுப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஆகவே ஒரு கலைஞர் காலமான செய்தி வந்தால், கடைச்சுவரிலிருந்து படத்தை இறக்க வேண்டும், சீட்டுகளைப் பார்க்க வேண்டும், அச்சுக்குப் போன விலைப்பட்டியலை நிறுத்த வேண்டும். அதே சமயம், அவருக்குச் சேர வேண்டிய பாக்கி யாருக்குப் போக வேண்டும் என்று குடும்பத்தாரிடம் தக்கவர் மூலமாகத் தக்க பருவத்தில் கேட்கவும் வேண்டும். தணிக்கையாளருக்குப் பெயர் இல்லாத பற்றுச்சீட்டு செல்லாது. அந்த மக்களுக்கோ பெயர் உள்ள சீட்டு மனப்புண். இரண்டு பேரும் குறை சொல்லாதபடி அந்தக் கணக்கை முடிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

வண்டிக் கணக்கும் இப்படித்தான். புல் அறுக்கப் போகும் பயணத்தை, மானியம் கொடுத்தவர்களுக்கு எழுதும் அறிக்கையில் மூலப்பொருள் சேகரிப்பு என்று போடுவார்கள், பொய்யன்று. ஆனால் அந்தப் பெண்களுக்கு அது பாட்டிமார் பிறந்த மண்ணைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும் நாள். வழியில் கிழங்கு தோண்டுவார்கள், கோவானா உடும்பைத் துரத்துவார்கள், ஏழு சகோதரிகள் வானத்துக்கு ஓடிப்போன கதை இந்தப் பாறையில் நடந்தது என்று சொல்வார்கள். அக்கதையில் எந்தப் பகுதியைப் பிறருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது, யார் சொல்லலாம் என்பதற்கெல்லாம் கண்டிப்பான வரம்புண்டு. காட்சிக்கூடத்தார் கதைக்குறிப்பு கேட்டவுடன் எழுதி நீட்டிவிடுகிற நிர்வாகி எத்தனை கெட்டிக்காரியானாலும் அங்கே அதிகநாள் நிலைக்க முடியாது. 2015-இல் வெனிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சியில், ஃபியோனா ஹால் என்ற சிற்பியோடு சேர்ந்து இப்பெண்கள் செய்த உருவங்கள் வைக்கப்பட்டன. தங்கள் நிலத்திலிருந்து மறைந்துபோன, மறைந்துவரும் விலங்குகளின் உருவங்கள். அவ்வளவு தூரம் போவதற்குப் பின்னால் எத்தனை அனுமதிகளும் ஒப்பந்தங்களும் காப்பீட்டுத் தாள்களும் இருந்திருக்க வேண்டும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

நகரத்திலிருந்து வருகிற நிர்வாகிகள் இரண்டொரு வருஷத்தில் களைத்துத் திரும்பிவிடுவது மத்திய ஆஸ்திரேலியக் கலை மையங்களுக்குப் பழைய நோய். ஒவ்வொருத்தி போகும்போதும் யார் யாருக்கு உறவு, யார் முன்னால் யார் பேசக் கூடாது என்ற ஞானமும் கூடவே போய்விடுகிறது. பெண்கள் மன்றம் இதற்கு மல்பா வழியைக் கையாள்கிறது. மல்பா என்றால் துணை. அனங்குப் பெண் ஒருத்தியும் வெளியிலிருந்து வந்த ஊழியை ஒருத்தியும் இணையாக நின்று ஒரே வேலையைப் பார்ப்பார்கள். எழுத்து ஒருத்திக்குத் தெரியும், ஊர் மற்றவளுக்குத் தெரியும். பல ஆண்டுகள் மன்றத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்ட்ரியா மேசன் தாமும் பூர்வகுடிப் பெண். 2004-இல் ஓர் அரசியல் கட்சிக்குத் தலைமை வகித்தவர். 2016-இல் அந்நாட்டின் சிறந்த தொழில்துறைப் பெண்மணிக்கான டெல்ஸ்ட்ரா விருதைப் பெற்றார். அரசியல் தலைமையையும் பார்த்துவிட்ட ஒருவர் பாலைவனத்துச் சங்கம் ஒன்றின் கணக்குக்கும் கூட்டத்துக்கும் வந்து உட்கார்ந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அதைப் படியிறக்கம் என்று நினைப்பவர்களுக்கு நிர்வாகத்தின் அருமை தெரியாது.

ஒழுங்கான கணக்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடகிழக்கே யூட்டோபியா என்னும் நிலப்பகுதியில் 1977-இலிருந்து பாத்திக் துணி எழுதிய பெண்கள் குழுவில் ஒருவர் எமிலி காமே கிங்வாரே. முதுமையில் தூரிகை எடுத்து உலகப் புகழ் பெற்று 1996-இல் மறைந்தார். அவருடைய புகழ் ஏறியபோது, மையங்களின் வழியாக அல்லாமல் ஓவியரிடம் நேரே வந்து படம் வாங்கும் வியாபாரிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் 1994-இல் தீட்டிய ‘பூமியின் படைப்பு’ என்னும் ஓவியம் 2007-இல் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அந்த மறுவிற்பனையில் அவர் சந்ததியாருக்குப் பங்கு என்று கேட்கச் சட்டம் அப்போது இல்லை. 1,000 டாலருக்குக் குறையாத மறுவிற்பனையில் நூற்றுக்கு ஐந்து கலைஞருக்கோ வாரிசுக்கோ உரியது என்னும் சட்டம் 2010 ஜூன் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தைப் பயன்படுத்துவதற்குங்கூட, இன்ன படம் இன்னார் செய்தது, இன்ன நாளில் முதலில் விற்றது என்று எழுதிவைத்த பழைய பேரேடுதான் துணை. மறுபுறம் போலிகள். பூர்வகுடிப் பாணியிலான நினைவுப்பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல், பூர்வகுடியினர் கைபடாத சரக்குக்கே போகிறது என்று அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் கணக்கிட்டது.

நம் நீலகிரித் தோடர் பெண்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்தக் குறியீட்டையும் தையல்காரியின் கூலியையும் இணைக்கிற கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று கேட்பதும் நம் கடமைதான். சிட்னியிலும் மெல்போர்னிலும் குடியேறியுள்ள தமிழர்களும், அவர்களைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர்களும், விமான நிலையக் கடையில் புள்ளிச் சித்திரம் போட்ட பூமராங்கை எடுக்குமுன், அதில் தொங்கும் சீட்டில் செய்தவர் பெயரும் ஊரும் இருக்கின்றனவா என்று ஒரு கணம் பாருங்கள். இல்லையென்றால் அதைத் திரும்ப வைத்துவிட்டு, கலை மையங்களின் கடைகளில் பெயரும் ஊரும் எழுதிய ஒரு சிறு கூடையை வாங்குங்கள்.