மண்ணுக்குள் உறைந்த பனி எங்கே இருக்கிறது?

குளுவாங்கில் உட்கார்ந்துகொண்டு உறைநிலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். 2006 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் நாம். தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, இந்தியாவின் சிக்கிம் மாநிலத்தில் தெற்கு லோனாக் ஏரியின் பக்கக் கரை சரிந்தது. உறைந்து இறுகியிருந்த கல்லும் மண்ணும் சுமார் 1.47 கோடி கன மீட்டர் ஏரிக்குள் விழுந்தன. எழுந்த பேரலை ஏரியை உடைத்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்நிலையத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

உறைநிலம் என்பது குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரிக்கு மேல் போகாத நிலம். மேலே பார்த்தால் வெறும் கல்லும் மண்ணும்தான். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலாவது, உயரம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். 510 மீட்டர் குனோங் லம்பாக்கில் 3 டிகிரி குறைகிறது. 4,095 மீட்டர் கினாபாலுவில் 24 டிகிரி குறைந்தும், ஆண்டுச் சராசரி பூஜ்யத்துக்கு மேலேயே நிற்கிறது. அங்கே உறைநிலம் இல்லை.

இரண்டாவது, வெயில். இமயமலையில் தெற்கு நோக்கிய சரிவில் வெயில் நன்றாக விழும். வடக்குச் சரிவு நிழலில் கிடக்கும். ஒரே உயரத்தில் ஒரு பக்கம் உறைநிலம் இருக்கும், மறுபக்கம் இராது.

மூன்றாவது, பனிப்போர்வை. தடித்த பனி குளிர்காற்றை மண்ணுக்குள் விடாது. ஆகவே, குளிர்காலக் கடைசியில் அதன் அடியில் தெரியும் வெப்பம் மண்ணின் நிலையைச் சொல்லிவிடும். 1970களில் சுவிஸ் அறிஞர் ஹேபர்லி இதற்கு ஓர் அளவு சொன்னார்: மைனஸ் 3 டிகிரிக்குக் கீழே என்றால் உறைநிலம் இருக்க வாய்ப்பு அதிகம், மைனஸ் 2க்கு மேல் என்றால் குறைவு.

நான்காவது, பாறைப் பனியாறு. கற்குவியல் நாக்குப்போல நீண்டு மெல்ல ஊர்ந்தால், உள்ளே பனி இருக்கிறது என்று பொருள். இது செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும். இமயமலைக்குக் கணக்கிட்டு வரைந்த வரைபடங்களை 2015இல் இப்படித்தான் சரிபார்த்தார்கள்.

வரைபடம் ‘இருக்கும்’ என்று அடித்துச் சொல்லாது. ‘இருக்கலாம்’ என்றே சொல்லும். மண்ணில் வெப்பமானி புதைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆனால், எந்த ஏரிக்கரையை முதலில் சோதிப்பது, எங்கே அணை கட்டத் தயங்குவது என்று முடிவெடுக்க அந்த ‘இருக்கலாம்’ போதும். உலகம் சூடாகும்போது இறுகிய கரைகள் இளகும். கீழே ஆற்றோரம் வாழ்கிறவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், மேலே தேட வேண்டியது இந்தக் கண்ணுக்குத் தெரியாத பனியைத்தான்.