கணக்குப் பார்ப்பவர் ஏன் தவறுகிறார்?

பிரதேச சபைக்குக் கணக்காய்வாளர் வந்துபோனால் எங்கள் வரிக்காசு பத்திரம் என்று நாம் நம்பிவிடுகிறோம். தூரத்துப் பட்டணம் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் உள்ள டிக்சனில் ஏறக்குறைய 15,000 பேர் வாழ்கிறார்கள். அதன் நிதிப் பொறுப்பாளர் ரீட்டா கிரன்ட்வெல், 1990 முதல் 2012 வரை 53 மில்லியன் டொலருக்கு மேல் திருடினார். மாநில அரசின் பெயரில் போலிப் பட்டியல்களை எழுதி, காசை இரகசிய வங்கிக் கணக்கொன்றுக்கு மாற்றினார். அதில் நூற்றுக்கணக்கான உயர்சாதிக் குதிரைகள் வளர்ந்தன. சபையில் பணமில்லாதபோது, மாநிலம் தரவேண்டியது பிந்துகிறது என்று சாட்டுச் சொன்னார். இத்தனைக்கும் ஆண்டுதோறும் கணக்காய்வு நடந்தது!

கணக்காய்வு செய்த நிறுவனமே நீண்டகாலம் சபையின் கணக்குகளைத் தொகுத்தும் கொடுத்தது. தான் எழுதியதில் தானே பிழை பிடிப்பார் யார்? பல வருடப் பழக்கம் வேறு.

எங்கும் பரவலாகக் காணப்படும் காரணம் நேர நெருக்கடி. பத்து நாள் வேலையை நாலு நாளில் முடிக்கச் சொன்னால், பற்றுச்சீட்டைப் பாராமலே 'சரி' அடையாளமிடும் பழக்கம் வந்துவிடும். சிலர் நேர்மையாக இரவிரவாக வேலை செய்வார்கள். ஆனால் கெட்டிக்காரர் என்ற பெயருக்காக அந்த மணித்தியாலங்களைப் பதியமாட்டார்கள். அடுத்த ஆண்டும் அதே நாலு நாள்தான் கிடைக்கும். பாவம், அவர்களுக்குப் பின் வருபவர்கள்.

டிக்சனில் திருட்டைக் கண்டவர் கணக்காய்வாளர் அல்லர். 2011 இல் ரீட்டா நீண்ட விடுமுறையில் நின்றபோது, அவரது வேலையைப் பார்த்த நகர எழுதுவினைஞர் வங்கியிடம் எல்லாக் கணக்குக் கூற்றுகளையும் கேட்டு வாங்கினார். அவற்றில் ஒரு கணக்கை அவர் அதற்கு முன் கண்டதேயில்லை.