உங்களுக்குத் தெரியுமா? ஒன்றியத்தில் சேரும் முன் ஒரு பரீட்சை

வெள்ளைக்காரர் காலத்தில் கோவிலூரிலிருந்து வடக்கே திருமயத்துக்கு வண்டி கட்டினால், வழியிலேயே வேறோர் அரசின் எல்லைக்குள் போய்விடுவீர்கள். கோவிலூரும் காரைக்குடியும் பிரிட்டிஷ் இந்தியா. திருமயமோ தொண்டைமானின் புதுக்கோட்டை சமஸ்தானம். அங்கே சட்டசபை தனி, கோர்ட்டு தனி, புழங்கிய சில்லறையும் தனி: பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு. இராயவரம், கடியாபட்டி நகரத்தார் சமஸ்தானக் குடிகள். அவர்கள் பெண் கொடுத்து எடுத்த காரைக்குடி உறவினரோ பிரிட்டிஷ் குடிகள்.

1948 மார்ச் 3 அன்று அந்த எல்லை அழிந்தது. சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது. அதன் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்குள் வந்தன. கடைசி மன்னர் இராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது வயது 25.

சேரும் முன் அவருடைய கோர்ட்டு எப்படி நடக்கிறது என்று தில்லி பரீட்சை வைத்ததா? இல்லை. 1947இல் பட்டேலும் வி.பி.மேனனும் சமஸ்தானங்களிடம் முதலில் கேட்டவை மூன்றுதான்: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு. முதலில் சேருங்கள், நிர்வாகத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதே வழி. 500க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள், பிரிவினையின் ரத்தம் காயாத நாட்கள். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நேர்மாறு. சேர விரும்பும் நாடு ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை ஆகியவற்றில் தேற வேண்டும் என்று 1993இல் கோபன்ஹேகனில் விதி வகுத்தார்கள். பேச்சுவார்த்தை அத்தியாயம் அத்தியாயமாக நடக்கும். நீதித்துறைக்கும் அடிப்படை உரிமைகளுக்கும் உரியது 23ஆம் அத்தியாயம். 2020இல் வந்த புதிய முறைப்படி இந்த அடிப்படைப் பகுதியைத்தான் முதலில் திறக்க வேண்டும், கடைசியில்தான் மூட வேண்டும். எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாகத் தலையாட்டினால்தான் கதவு திறக்கும்.

இந்தக் கண்டிப்பு பட்டறிந்து வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2007இல் சேர்ந்தபோது நீதித்துறைச் சீர்திருத்தம் அரைகுறையாகவே இருந்தது. உள்ளே விட்டுவிட்டுக் கண்காணித்தார்கள். அந்தக் கண்காணிப்பை முறைப்படி முடிக்க 2023 செப்டம்பர் ஆயிற்று!

ஒன்றியத்தில் சேர விரும்பும் அல்பேனியா செய்தது அசாத்தியம். 2016 ஜூலையில் அதன் நாடாளுமன்றத்தின் 140 உறுப்பினர்களும் ஒருமித்து வாக்களித்து அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். நாட்டின் நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள் அத்தனை பேரையும் மறுபரிசீலனைக்கு நிறுத்தினார்கள். இந்த வீடு எந்தப் பணத்தில் வாங்கியது? குற்றக் கும்பலோடு தொடர்பு உண்டா? தீர்ப்பு எழுதும் திறமை இருக்கிறதா? இந்த மூன்றிலும் தேற வேண்டும். பலர் பதவி இழந்தார்கள். கேள்விக்கு அஞ்சிப் பலர் தாமே விலகினார்கள். அரசியல் சட்ட நீதிமன்றத்திலேயே வழக்கு கேட்கப் போதிய நீதிபதிகள் இல்லாமல் போயிற்று. வழக்குகள் தேங்கி மக்கள் பட்ட பாடு பெரிது. ஆனாலும் அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். கறைபட்ட நீதிபதி ஒருவர் இருக்கையில் நீடிப்பதைவிட இருக்கை சில காலம் காலியாக இருப்பது மேல்.

பரீட்சை எழுதியவர் எல்லாரும் கரை சேர்ந்துவிடவில்லை. துருக்கி 1999இல் வேட்பாளர் நாடானது. 2005இல் பேச்சு தொடங்கியது. இன்னும் வாசலில்தான் நிற்கிறது. குரோஷியா 2013இல் உள்ளே போனது. அதற்குப் பிறகு ஒரு நாடும் சேரவில்லை.

நம் பக்கத்தில் பாண்டிச்சேரியும் வேறு மாதிரி. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது.

புதுக்கோட்டையில் மக்களிடம் அப்படி வாக்கு எடுக்கவில்லை. மன்னர் கையெழுத்து போதுமானதாக இருந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தொண்டைமானின் அரண்மனை இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம். குடிமக்கள் மனுவோடு அங்கே போகிறார்கள்.