வேலையா? மேற்படிப்பா?



"மார்க்கெட் டல்லா இருக்கு, பேசாம பி.இ. சேர்ந்துடு." இறுதியாண்டு மாணவர் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. மந்தம் புதிதல்ல. 2008-ல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானபோதும், 2020-ல் கொரோனா ஊரடங்கிலும் வேலைகள் சுருங்கின, பிறகு மீண்டன.

அந்தப் பேச்சில் பாதி உண்மை. படிக்கும் காலத்தில் நாம் இழக்கும் சம்பளமும் படிப்புச் செலவுதான். வேலை கிடைக்காதபோது அந்த இழப்பு குறைவு. ஆனால் எல்லோரும் இதே கணக்கைப் போட்டால், மூன்று வருஷம் கழித்து எல்லோரும் ஒன்றாகத்தான் வெளியே வந்து நிற்போம்!

டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். முதல் பட்டதாரி என்றால், அரசுக் கலந்தாய்வு வழியே சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஹாஸ்டல், சாப்பாடு நம் பாடு. வீட்டுக்கு உடனே பணம் வேண்டுமென்றால், 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. உதவித்தொகையும் வரும், அனுபவமும் வரும். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ. படிப்பவர்களும் உண்டு.

என் வீட்டில் யோசனை சொல்லப் படித்தவர் யாருமில்லை. அப்பா ஒன்றுதான் கேட்டார்: "வேலை நல்லாக் கிடைக்கிற காலமா இருந்தா, அப்பவும் இதைப் படிப்பியா?" இரண்டு நாள் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: "ஒரு வருஷம் அப்ரண்டிஸ் போறேன்ப்பா. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா சேர்றேன்."

மழைக்கு ஒதுங்குகிற இடமாகக் கல்லூரியை நினைக்க வேண்டாம். அப்பாவின் கேள்வியை நீங்களும் ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள். சிந்திப்பீர்!