கதிர்காமக் காட்டில் வழியடையாளம்

செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து கதிர்காமத்தை அடைவது யாழ்ப்பாணத்து அடியார்களின் பழைய வழக்கம். எங்கள் புத்தூரிலிருந்தும் அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாறு சென்று அக்கூட்டத்தோடு சேர்வோர் உண்டு. போர்க்காலத்தில் தடைப்பட்ட இந்நடை 2009ஆம் ஆண்டின் பின்னர் மீண்டும் பெருகியது. நடப்பவர் பெருகவே, காட்டில் வழியடையாளம் இடலாமா, ஆகாதா என்ற பேச்சும் அவர்களிடையே எழுந்திருக்கிறது.

உகந்தை மலை முருகனைத் தொழுது காட்டினுள் நுழைந்தால் கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று ஏறக்குறைய ஐந்து நாள் நடை. குமண, யால என்னும் தேசியப் பூங்காக்களின் ஊடாகச் செல்லும் வழி அது. யானையும் கரடியும் சிறுத்தையும் உலாவுமிடம். ஆடி மாதத்து வறட்சி வேறு. அங்கே வழி தவறியவன் முதலில் இழப்பது தண்ணீரை. ஆகவே அடையாளம் வேண்டுமென்று இளைஞர் கேட்பதை நகைத்துத் தள்ள இயலாது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுவழியில், 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பட்டைகளை மரங்களிற் கண்டுதானே 2,000 மைலுக்கு மேல் மனிதர் நடக்கின்றனர்!

நானும் ஒருகால் இளைஞர் பக்கமே நின்றேன். கால் தளர்ந்த என் பெரியம்மா வேறு சிலரோடு பின்னே வந்துகொண்டிருந்தார். பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று நாங்கள் தங்கவிருந்த மடுவுக்குச் சென்றது. பொதி கட்டும் நைலோன் கயிற்றில் ஒரு துண்டை அறுத்து அவ்விடத்துக் கிளையிற் கட்டினேன். வேல் தாங்கி வந்த முதியவர் அதைக் கண்டார்.

"மாஸ்டர், இது ஆருக்கு?"

"பின்னால வாற பெரியம்மாவுக்கு, ஐயா."

"அவ இண்டைக்கு வந்திடுவா. கயிறு வருசக்கணக்கில தொங்கும். வாற வருசம் மடு வத்திக் கிடக்கேக்கையும் அங்கை தண்ணி இருக்கெண்டு சொல்லிக்கொண்டு நிக்கும். அப்ப ஆர் வந்து அவிழ்க்கிறது?"

எனக்கு விடை தோன்றவில்லை. கயிற்றை அவிழ்த்தேன்.

வன்னிக் காட்டுக்குள் நுழைவோர் குழை முறித்துக் கிளையில் இட்டு ஐயனாரை வணங்குவது முன்னோர் வழக்கம். குழை சில நாளில் வாடி உதிர்ந்துவிடும்; நைலோனோ வாடாது, விலங்கின் வயிற்றுக்குள் போனாலும் செரிக்காது. ஆனால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவில் குழை முறிப்பதும் குற்றமே. பழமை பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யொசெமிற்றிப் பூங்காவினர், வருவோர் மனம்போனபடி அடுக்கிய கற்குவியல்களைக் கலைத்துவிடும்படி கேட்டனர். அதே நாட்டில் அக்கேடியாப் பூங்காவினரோ தாங்கள் பேணும் கற்குவியல்களைத் தொடவேண்டாமென்கின்றனர். இரண்டும் கல்தான், ஒன்றுக்குப் பொறுப்பாளர் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. கதிர்காமக் காட்டிலும் வனசீவராசிகள் திணைக்களமே, ஆண்டுதோறும் பாதை திறக்கும்போது ஆற்றுத்துறைகளிலும் நீர்நிலைகளிலும் அடையாளம் நாட்டி, பாதை மூடும்போது பிடுங்கிவிடுமாயின் எனக்கு மறுப்பில்லை. நாமாகக் கட்டுவது கூடாது.

அன்று முதியவர், பெரியம்மா வரும்வரை என்னையும் வேறிருவரையும் அவ்விடத்திலேயே நிற்கப் பணித்தார். முக்கால் மணி நேரம் நின்றோம். சருகு அசையுந்தோறும் யானையோ என்று நெஞ்சு திடுக்கிட்டது. கடைசியில் தடியூன்றிப் பெரியம்மா வந்தார்.

"எனக்காகவே நிண்டனீ, ராசா?" என்றவர், என் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தம் பொதியை இறுகக் கட்டிக்கொண்டார்.