பழைய போர்ஷேயின் பெட்ரோல் அழுத்தம்: கோளாறை எங்கே தேடுவது?

போர்ஷே 911 எஸ்சி 1978 முதல் 1983 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். பின்பக்கம் 3 லிட்டர் இன்ஜின், காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர்கள். இந்த இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து கொடுப்பது பாஷ் நிறுவனத்தின் 'கே-ஜெட்ரானிக்' என்ற இன்ஜெக்‌ஷன் அமைப்பு. 1973-ல் அறிமுகமான இந்த அமைப்பு போர்ஷேயோடு நிற்கவில்லை. ஃபெராரி 308 ஜிடிபிஐ, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, சினிமாவால் உலகப் புகழ் பெற்ற டிலோரியன் ஆகிய கார்களிலும் இதுவே இருந்தது. அதனால் 911 எஸ்சி-யில் அழுத்தக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கார்களும் பிடிபடும். எண்கள் மட்டும் காருக்குக் கார் மாறும்.

கே-ஜெட்ரானிக் ஏறக்குறைய முழுவதும் இயந்திர முறையில் இயங்குவது. 1980 மாடல் முதல் அமெரிக்காவுக்குப் போன கார்களில் புகையின் ஆக்சிஜனை உணரும் லாம்டா சென்சாரும் அதற்கான சிறு மின்னணுப் பெட்டியும் சேர்ந்தன. அங்கும் அடிப்படை இதேதான். இன்றைய இன்ஜெக்டர்கள் நொடிக்குப் பலமுறை திறந்து மூடுகின்றன. கே-ஜெட்ரானிக்கின் இன்ஜெக்டர்கள் இன்ஜின் ஓடும்வரை விடாமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அளவைத் தீர்மானிக்கும் வேலை முழுவதும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருடையது.

இன்ஜின் இழுக்கும் காற்று, புனல் போன்ற குழிக்குள் இருக்கும் ஒரு வட்டத் தகட்டைத் தூக்குகிறது. தகட்டோடு இணைந்த நெம்புகோல், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு தண்டை மேலே தள்ளுகிறது. தண்டு ஏற ஏற, சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பிளவுகள் கூடுதலாகத் திறந்து பெட்ரோலை விடுகின்றன. தண்டின் தலையை மேலிருந்து பெட்ரோல் அழுத்தமே கீழே அழுத்திக்கொண்டிருக்கும். கீழே காற்று, மேலே அழுத்தம்: தராசின் இரு தட்டுகள் போல இவை ஒன்றையொன்று சமன் செய்கின்றன. மேல் அழுத்தம் குறைந்தால் அதே காற்றுக்குத் தண்டு அதிகம் ஏறும், பெட்ரோல் கூடும். மெக்கானிக்குகள் இதை 'ரிச்' என்பார்கள். மேல் அழுத்தம் கூடினால் கலவை 'லீன்' ஆகும். அழுத்தம் கொஞ்சம் பிசகினாலும் கார் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த அமைப்பில் மூன்று அழுத்தங்களைப் பார்க்க வேண்டும். பம்ப் உருவாக்கி, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள ரெகுலேட்டர் நிலைநிறுத்துவது சிஸ்டம் அழுத்தம். 911 எஸ்சி-யில் இது 4.5 முதல் 5.2 பார் வரை இருக்க வேண்டும். பிளஞ்சரின் தலையை அழுத்துவது கன்ட்ரோல் அழுத்தம். இதை ஆள்வது 'வார்ம்-அப் ரெகுலேட்டர்' என்ற தனிப் பாகம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இது அழுத்தத்தைத் தாழ்த்தி, கலவையை ரிச்சாக வைக்கும். அதற்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டையை மின்சுருள் சூடேற்றும். பட்டை வளைய வளைய அழுத்தம் ஏறி, கலவை இயல்புக்கு வரும். சூடான நிலையில் 3.4 முதல் 3.8 பார் இருக்க வேண்டும். மூன்றாவது, இன்ஜினை நிறுத்திய பிறகு குழாய்களில் தங்கும் மிச்ச அழுத்தம்.

அழுத்தம் அளக்கும் கேஜைக் கையில் எடுப்பதற்கு முன்பே காரின் நடத்தை பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிற கார், ஓட்டிவிட்டு அரைமணி நேரம் நிறுத்திய பிறகு ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுழற்ற வைத்தால் மிச்ச அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். நின்ற இன்ஜினின் சூடு எங்கும் போக வழியில்லாமல் அறைக்குள் ஏறும். அழுத்தம் இல்லாத பெட்ரோல் அந்தச் சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். மறுநாள் காலைக்குள் எல்லாம் குளிர்ந்துவிடுவதால் குறை தெரியாது. இதற்கு நேர்மாறாக, சூட்டில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, குளிரில் திணறுகிற காரில் குளிர்நிலைக் கன்ட்ரோல் அழுத்தத்தையும், குளிரில் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் கோல்டு ஸ்டார்ட் வால்வையும் பார்க்க வேண்டும். சாதாரண வேகத்தில் ஒழுங்காக ஓடி, ஆக்சலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது மட்டும் இழுவை இல்லாமல் போனால் பம்பும் ஃபில்டரும் முதல் சந்தேகம்.

குளிரில் லீனாக ஓடும் 911-ஐ அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது ஆபத்து. ஸ்டார்ட் செய்யும்போது இன்டேக் பக்கம் தீ திரும்பி வெடித்தால், பிளாஸ்டிக்கால் ஆன ஏர்பாக்ஸ் பிளந்துவிடும். அதை மாற்ற இன்ஜினின் மேல்பாகம் பெரும்பகுதியைக் கழற்ற வேண்டும். பல உரிமையாளர்கள் ஏர்பாக்ஸில் துளையிட்டு, வெடிப்பின் வேகத்தை வெளியே விடும் ஸ்பிரிங் வால்வு ஒன்றைப் பொருத்துகிறார்கள். நல்ல தற்காப்புதான். ஆனால் வெடிப்புக்குக் காரணமான அழுத்தக் கோளாறு அதனால் தீராது.

சோதனைக்கு 0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜும், அதோடு திறந்து மூடும் ஒரு வால்வும் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் உச்சியிலிருந்து வார்ம்-அப் ரெகுலேட்டருக்குப் போகும் குழாயின் நடுவே இதைப் பொருத்த வேண்டும். வால்வு ரெகுலேட்டர் பக்கம் இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் கேஜ் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வால்வு திறந்திருக்கும்போது கன்ட்ரோல் அழுத்தம் தெரியும். மூடினால் ரெகுலேட்டருக்குப் போகும் வழி அடைபட்டு, முள் சிஸ்டம் அழுத்தத்துக்கு ஏறும்.

குழாய்களுக்குள் இருப்பது 5 பார் அழுத்தத்தில் பெட்ரோல். இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காற்றோட்டமான இடம், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், அருகில் தீப்பொறி எதுவும் இல்லாத நிலை ஆகிய மூன்றும் கட்டாயம். குழாயைத் தளர்த்தும்போது துணியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கழற்றிய பேங்கோ போல்ட்டுகளுக்குப் புதிய செம்பு வாஷர்களைப் போட வேண்டும். நாற்பது ஆண்டு தாண்டிய ரப்பர் குழாய் எதையும் நம்பக் கூடாது.

இக்னிஷனை ஆன் செய்தால் மட்டும் பம்ப் ஓடிக்கொண்டிருக்காது. விபத்தில் இன்ஜின் நின்றால் பெட்ரோலும் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எனவே சோதனைக்குப் பம்ப் ரிலேயைக் கழற்றி, உரிய இரு முனைகளைப் பியூஸ் உள்ள ஒயரால் இணைத்துப் பம்பை ஓட்டுகிறார்கள். அப்போது காற்றுத் தகட்டைத் தூக்கவே கூடாது. தூக்கினால் ஆறு இன்ஜெக்டர்களும் நின்ற இன்ஜினுக்குள் பெட்ரோலைக் கொட்டும்.

முதல் சோதனை குளிர்நிலைக் கன்ட்ரோல் அழுத்தம். கார் இரவு முழுவதும் நின்றிருக்க வேண்டும். வார்ம்-அப் ரெகுலேட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது சூடேறி எண் மாறிக்கொண்டே போகும். சரியான அளவு அன்றைய வெப்பநிலையைப் பொறுத்தது. ரெகுலேட்டரின் உடலில் பொறித்த பாஷ் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்து, அந்த வகைக்கான வரைபடத்தில் வெப்பநிலைக்கு நேரான அழுத்தத்தைப் படிக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளில் பாகங்கள் கைமாறியிருக்கும். வேறு மாடலின் ரெகுலேட்டர் பொருத்திய கார்களும் உண்டு. எண்ணைச் சரிபார்க்காமல் அளப்பது வீண்.

அடுத்து வால்வை மூடி சிஸ்டம் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன் அதற்குப் போகும் மின்சாரத்தை அளப்பது நல்லது. 911-ன் பம்ப் காரின் முன்பக்கம் இருக்கிறது. தோட்டா வடிவப் பழைய பியூஸ்களின் முனைகளில் களிம்பு ஏறினால் வோல்டேஜ் வழியிலேயே குறையும். பம்ப் முனையில் 11.5 வோல்ட்டாவது வர வேண்டும். மின்சாரம் சரியென்றால், பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயை அளவு பாத்திரத்தில் விட்டு, 30 விநாடியில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். மேனுவல் சொல்லும் அளவு வராவிட்டால் ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் பம்ப். ஓட்டம் நன்றாக இருந்தும் அழுத்தம் மட்டும் பிசகினால் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்து ரெகுலேட்டரில் உள்ள தகடு வாஷர்களை மாற்றிச் சரிசெய்யலாம். 0.1 மில்லிமீட்டர் தடிமன் ஏறக்குறைய 0.06 பார் மாற்றம் தரும். திறக்கும்போதே அதன் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பிறகு ரெகுலேட்டரின் மின் இணைப்பை மாட்டி, வால்வைத் திறந்து, இன்ஜினை ஓடவிட வேண்டும். முள் மெல்ல ஏறிச் சில நிமிடங்களில் 3.4 பாரைத் தாண்டி நிற்க வேண்டும். ஏறாமல் கிடந்தால் மின்சுருள் அறுந்திருக்கலாம், அல்லது மின்சாரமே வராமல் இருக்கலாம். மல்டிமீட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். வேக்குவம் குழாய் பொருத்திய வகைகளில் அந்தக் குழாய் கழன்றோ வெடித்தோ இருந்தாலும் அழுத்தம் 3 பார் அளவுக்குத் தாழ்ந்து நிற்கும். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று வரும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது காசில்லாத இந்தச் சின்னக் குழாயைத்தான். மாறாக, அழுத்தம் குளிரிலேயே அளவுக்கு மேல் இருந்தால், ரெகுலேட்டரின் வாயிலில் உள்ள நுண்ணிய வலையில் துரு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். நின்றே கிடந்த கார்களின் இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சுவதால் அது இன்னும் விரைவாகும். ரெகுலேட்டரைச் சுத்தம் செய்தாலும் டேங்கில் துரு இருக்கும்வரை கோளாறு திரும்பி வரும்.

கடைசியாக மிச்ச அழுத்தம். சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு, கேஜை அப்படியே விட்டுக் கவனிக்க வேண்டும். நிறுத்தியவுடன் முள் இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தத்துக்குக் கீழே சட்டென்று இறங்கும். இது சரியே. இல்லாவிட்டால் இன்ஜெக்டர்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு முள் தங்க வேண்டும். 10 நிமிடம் கழித்து 1.3 பாருக்கு மேலும், 20 நிமிடம் கழித்து 1 பாருக்கு மேலும் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

தங்காமல் விழுந்தால் பொறுமையாகத் துப்பறிய வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் கசிந்து தப்ப இங்கே பல வழிகள் உண்டு. மறுபடி அழுத்தம் ஏற்றி, நிறுத்திய கையோடு டேங்குக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பார்க்கலாம். இப்போது அழுத்தம் நின்றால் பம்பின் செக் வால்வு பின்னோக்கி விடுகிறது என்று பொருள். பல பம்புகளில் அந்த வால்வை மட்டும் தனியாக வாங்கிப் போடலாம், முழு பம்பையும் மாற்றத் தேவையில்லை. டேங்குக்குத் திரும்பும் குழாயை இறுக்கும்போது நின்றால் சிஸ்டம் ரெகுலேட்டரின் ஓ-ரிங் போயிருக்கிறது. இரண்டிலும் மாறுதல் இல்லையென்றால் இன்ஜின் அறையின் இடப்பக்கம் ஃபில்டருக்கு அருகில் உள்ள அக்குமுலேட்டரைப் பார்க்க வேண்டும். அழுத்தத்தைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. அதன் பின்முனைச் சிறு குழாயைக் கழற்றும்போது பெட்ரோல் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. அதைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். கோல்டு ஸ்டார்ட் வால்வைக் குழாயோடு கழற்றி, முனையைத் துடைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குச் சொட்டு விழக் கூடாது. இன்ஜெக்டர்களையும் இதே போல் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் காற்றுத் தகட்டுக்கும் நடுவே, 3 மில்லிமீட்டர் ஆலன் சாவி நுழையும் துளைக்குள் கலவையைச் சரிசெய்யும் திருகு இருக்கிறது. கார் சரியாக ஓடவில்லை என்றதும் முதலில் அதைத் திருகிவிடுகிறார்கள். சற்று நேரம் ஓட்டம் சீராகும். ஆனால் அந்தத் திருகு ஐடிலிங் கலவைக்கானது. வார்ம்-அப் ரெகுலேட்டரின் குறையை அதைக் கொண்டு மறைத்தால், குளிரில் ஒரு தொல்லை போய், சூட்டில் வேறொரு தொல்லை வரும். அடுத்து வரும் மெக்கானிக் அழுத்தக் கோளாறு, கலைந்த திருகு என இரண்டையும் சேர்த்து அவிழ்க்க வேண்டியிருக்கும்.

மூன்று அழுத்தங்களும் அளவுக்குள் வந்த பிறகே, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது, புகைப் பரிசோதனைக் கருவியின் உதவியோடு அந்தத் திருகைத் தொட வேண்டும். கிடைத்த எண்களை வெப்பநிலை, தேதியோடு எழுதி காரின் கோப்பில் வைத்துவிட்டால், அடுத்த முறை எது மாறியது என்பது உடனே தெரியும். வால்வோடு கூடிய ஒரு கேஜின் விலை, பழுதுபார்த்த ஒரு வார்ம்-அப் ரெகுலேட்டரின் விலையைவிட மிகக் குறைவு. பழைய 911 வைத்திருப்பவர் உதிரிப் பாகம் எதையும் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டிய கருவி அதுதான்.